வளராத கொக்கி

"பிள்ளை, அழுது முடிச்சிட்டுக் கதை. இல்லாட்டில் கதைச்சு முடிச்சிட்டு அழு. ரெண்டையும் ஒண்டாய்ச் செய்தால் எங்களுக்கு ஒண்டும் விளங்காது."

சொன்னது நான்தான். கச்சு முகம்மது நானா குடைப்பிடியால் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். வாயை மூடு என்று அர்த்தம். மூடினேன்.

நானா முல்லைத்தீவில் தோல் வியாபாரம் செய்தவர். வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு இப்போது தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிறார். வன்னியில் மாடு தொலைந்தால் சனம் முதலில் பொலிசுக்குப் போகும். பொலிசுக்கும் அகப்படாவிட்டால் நானாவிடம் வரும். மாட்டோடு சேர்த்துச் சிலவேளை ஆளும் தொலைந்திருப்பான்; அவனையும் தேடுவார். நான் இளையதம்பி, அவருடைய வண்டில்காரன். துப்பறிகிற வேலையில் என் பங்கு, ஒருவரையும் நம்பாமல் இருப்பது. நானா நம்பிக்கொண்டே போவார். நான் பின்னால் நம்பாமல் போவேன். அப்படித்தான் சரிவரும்.

யார் அழுதாலும் நான் கண்ணைப் பார்ப்பதில்லை. கையைப் பார்ப்பேன். பொய்யாக அழுகிறவரின் கை சும்மா இருக்கும். நெடுங்கேணியில் அந்த வீட்டு வளவில் எங்கள் முன் நின்ற பெண்ணின் கை ஒரு மாட்டுக் கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தது. விரலில் தோல் உரிந்து சிவந்திருந்தது. சரி, இது மெய்யழுகை என்று முடிவுசெய்தேன்.

அவள் பெயர் அருந்ததி. வட்டக்கச்சியில் பிறந்து நெடுங்கேணி ஏரம்பு வீட்டுக்கு மருமகளாக வந்தவள். ஏரம்புவின் ஒரே மகன் பாலன் அவள் புருசன். கலியாணம் முடித்து ஒரு வருசம் ஆகுமுன் ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் வந்தது. காட்டுப் பட்டியில் அடைபட்டு நின்ற மாடுகளை அவிழ்த்துவிடப் போன பாலன் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

"செத்துப்போனார் எண்டுதான் முதல் நினைச்சனான்" என்றாள். "மாமி சாப்பாட்டை விட்டிட்டா. ஆள் எலும்பும் தோலுமாய்ப் போச்சுது. அப்ப ஒரு நாள் காட்டுக்குள்ளயிருந்து ஒரு மாட்டுக்கண்டு வந்தது. அவர் சுட்ட குறியோட. அதுக்குப் பிறகும் அப்பப்ப வருது. இது கடைசியா வந்தது."

கயிற்றை இழுத்தாள். குசினிக்குப் பின்னாலிருந்து ஒரு சிவப்பு நாம்பன் கண்டு வந்து எங்களை முறைத்தது. கொம்பு இப்போதுதான் முளைத்திருந்தது. ஆனால் திமிர் முழுக்காளைக்கு உரியது.

"பாருங்கோ நானா, குறியின்ர கொக்கியில புண் இன்னும் காயேல்லை. ஆள் உயிரோட இருக்கிறார். மாட்டுக்குக் குறி சுட நேரமிருக்கு. வீட்ட வர நேரமில்லை."

ஏரம்பு ஆட்களின் குறிவழக்கத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. குடும்பத்துக்கு ஒரு குறி. ஏரம்புவுடையது ஒரு வட்டம், அதன்கீழ் ஒரு தண்டு. மகன் கலியாணம் முடித்துத் தனியாகும்போது தகப்பன் குறியை அப்படியே முழுதாக எடுத்துக்கொள்வான். எதையும் கழிக்க முடியாது. தன்னுடையதாக ஒன்றைக் கூட்டலாம். பாலன் தண்டின் அடியில் ஒரு கொக்கியைக் கூட்டினான். வட்டம், தண்டு, கொக்கி எல்லாம் சேர்ந்த ஒரே கம்பியாக அடிப்பித்தான். ஒரே சூட்டில் முழுக்குறியும் விழும். என் அப்பரும் எனக்கு ஒரு குறி விட்டுவிட்டுப் போனார். சுடுவதற்கு மாடுதான் விடவில்லை.

"இப்ப உனக்கு என்ன வேணும் பிள்ளை?" என்று நானா கேட்டார். "ஆளைப் பிடிச்சுக் கொண்டுவந்து விடவோ?"

அருந்ததி கயிற்றை விரலில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"வேண்டாம். வட்டக்கச்சியிலயிருந்து என்ர அண்ணாமார் வந்து கூப்பிடினம். செத்தவன்ர பெண்சாதியெண்டால் ஒரு மாதிரிக் கூட்டிக்கொண்டு போவினம். விட்டிட்டு ஓடினவன்ர பெண்சாதியெண்டால் வேற மாதிரி. அவைக்கும் தெரியேல்லை, எனக்கும் தெரியேல்லை. ஊரில என்னை ஏரம்பு வீட்டு மருமகள் எண்டு சொல்லினம். அது பிழையில்லை. ஆனால் அந்த மருமகள் ஆர்? பெண்சாதியோ, கைம்பெண்ணோ, கைவிடப்பட்டவளோ? அதை மட்டும் பாத்துச் சொல்லுங்கோ."

நானா தலையாட்டினார். எனக்கு ஒரு பகிடி நாக்கில் வந்தது. விழுங்கிவிட்டேன்.

என் வண்டில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டவேண்டியிருந்தது. கிணற்றடிக்குப் போனேன். துலாக்கயிற்றில் வாளியைக் கொழுவிவிடுகிற கொக்கி இல்லை. வாளியின் காதில் தும்புக் கயிற்றைச் சுற்றி ஒரு மொத்த முடிச்சுப் போட்டிருந்தார்கள். அது ஈரத்தில் இறுகிக் கல்லாகிக் கிடந்தது. வாளியைக் கழற்ற நகம் போயிற்று.

"இந்த வீட்டில ஒரு கொக்கி வாங்க ஆளில்லையோ?" என்று கத்தினேன்.

"கொக்கி தொலைஞ்சு போச்சுத் தம்பி" என்றது ஒரு குரல்.

ஏரம்புவின் மனைவி கமலாசனி. இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, வேலியைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார். நான் கேட்டு முடிக்குமுன்பே அந்தப் பதில் வந்துவிட்டது. பொதுவாக அப்படி வருகிற பதிலை நான் சந்தேகப்படுவேன். ஆனால் நகம் நொந்ததால் விட்டுவிட்டேன்.

"ஆர் நீங்கள்?"

"தோல் வியாபாரியள் அம்மா" என்றேன்.

"உயிரோட நிக்கிற கண்டுக்கோ தோல்விலை கேக்க வந்தனீங்கள்? போய் உங்கட தோலை வில்லுங்கோ."

"என்ர தோலை ஒருத்தரும் வாங்கமாட்டினம் அம்மா. முழுக்க ஓட்டை."

கிழவி சிரிக்கவில்லை. அருந்ததி பிடித்துக்கொண்டு நின்ற கண்டின் தொடையைத் தேடிக் கை வைத்தார். வட்டத்தைத் தடவவில்லை. தண்டையும் தடவவில்லை. நேரே கொக்கிக்குப் போய் அதன் வளைவில் ஒரு விரலை ஓடவிட்டார். திரும்பவும் ஓடவிட்டார்.

"என்ர பிள்ளை சுட்ட சூடு" என்றார். பிறகு குசினிக்குள் போய், தானே சோறு போட்டுக்கொண்டு இருந்து சாப்பிடத் தொடங்கினார்.

நானா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, கண்டுகள் எந்த நாளில வரும்?"

"அதைச் சொல்லேலாது நானா. கடைசியா மாமி காய்ச்சலில கிடந்தவா. கஞ்சியும் வேண்டாமெண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டா. அடுத்த நாளோ அதுக்கு அடுத்த நாளோ இது படலையில வந்து நிண்டது."

"அதுக்கு முதல் வந்தது?"

அருந்ததி யோசித்தாள். "அதுவும்... மாமி படுத்த நேரம்தான்."

"கெட்டிக்காரக் கண்டுகள்" என்றேன் நான். "எங்கட ஊர்ப் பரியாரியார் ஆள் அனுப்பினாலும் இந்த நேரத்துக்கு வரமாட்டார்."

நானா கண்ணை மூடிக்கொண்டு குறியில் கை வைத்தார். அவர் பார்ப்பதெல்லாம் அப்படித்தான். தோலோடு புழங்கிய மனிதன். கண்ணை அவ்வளவாக நம்புவதில்லை. அந்த ஒரு விசயத்தில் எனக்கும் அவருக்கும் ஒற்றுமை.

"இளையவன், இந்தக் கண்டு ஆரின்ர?"

"ஏரம்புவின்ர."

"பாலன்ர இல்லையோ?"

"கொக்கி கிடக்கு. பாலன்ரயும்தான்."

"ரெண்டும் எப்பிடிச் சரி?"

"என்ன நானா, சின்னப்பிள்ளைக்குக் கேக்கிறது மாதிரி! மகன்ர குறிக்குள்ள தேப்பன்ர குறி முழுசாய்க் கிடக்கு. ஊர் விதானையார் கண்டால் ஏரம்பு மாடு எண்டுதான் சொல்லுவார். சொன்னாப்போல கொக்கி அழிஞ்சு போகுமே? அது தோலில அப்பிடியே கிடக்கும்."

"சரி. மகன்ர மாட்டை மேல ஏத்தித் தேப்பன்ர மாடெண்டு சொல்ல ஒரு சோதனையும் தேவையில்லை. எப்பவும் சரி. இப்பக் கீழ இறக்கிச் சொல்லு. ஏரம்பு மாடொண்டைக் காட்டி, இது பாலன்ர மாடெண்டு சொல்லேலுமோ?"

"சொல்ல வாய் இருக்கு."

"வாய் மட்டும் காணாது. மாட்டில கொக்கி இருக்கவேணும். அதுவும் குறி விழுந்த அண்டைக்கே கூடி விழுந்திருக்கவேணும். பிறகு கொண்டுவந்து ஒட்டினதெண்டால் அது மகன்ர மாடில்லை. மகன்ர சட்டையைப் போட்டுக்கொண்டு நிக்கிற தேப்பன்ர மாடு. கையை வை. கண்ணை மூடு."

வைத்தேன். வட்டம் என் உள்ளங்கையளவு விரிந்து கிடந்தது. தண்டு ஒரு பெருவிரல் மொத்தம். அதன் அடியில் கொக்கி, சுண்டுவிரல் நகம்போல, சின்னதாக, பொருக்கோடு.

"கொக்கி வளரேல்லை" என்றேன்.

"ஏன் வளரேல்லை?"

எனக்கு வெளித்தது. சின்னக் கண்டில் சுட்ட குறி, கண்டு வளர வளரத் தோலோடு சேர்ந்து விரியும். ஒரே சூட்டில் விழுந்திருந்தால் வட்டம் விரிந்த அளவுக்குக் கொக்கியும் விரிந்திருக்கும். இது ஏரம்பு மாடாகச் சுடப்பட்டு, ஏரம்பு மாடாக வளர்ந்து, போன கிழமைதான் பாலன் மாடாக மாறியிருக்கிறது.

"அது எனக்கும் தெரியும்" என்றாள் அருந்ததி. குரல் தணிந்துபோயிருந்தது. "மாமான்ர பட்டிக்குள்ள களவாய் வந்து, தன்ர பங்கெண்டு கொக்கியை வச்சிட்டுப் போறார். பட்டி மட்டும் வாறார். அங்கயிருந்து வீடு ஒரு நடை தூரம்தான். வாறாரில்லை. வேற ஒருத்தி இருக்கிறாள் நானா. அதைத்தான் நீங்கள் சொல்லப் போறியள். பயப்பிடாமல் சொல்லுங்கோ."

"பங்கு எடுக்கிறவன் மாட்டைக் கொண்டு போகவெல்லோ வேணும்? ஏன் இஞ்சை கலைச்சுவிடுறான்?"

"களவெடுத்திட்டுத் திருப்பிக் கொடுக்கிற கள்ளனை இந்தப் பக்கத்தில நான் இன்னும் சந்திக்கேல்லை" என்றேன் நான்.

"அதோட, பாலனிட்ட முழுக்கம்பி இருக்கு. அது எங்க?"

"காட்டுப் பட்டிக் கொட்டில் கூரையில சொருகியிருந்தவர். வெள்ளத்தோட அதையும் காணேல்லையெண்டு மாமா சொன்னவர்."

நானா குடையை ஊன்றி எழும்பினார். "கயிற்றை அவிழ்த்துவிடு பிள்ளை. மிச்சத்தை இந்தக் கண்டிட்டயே கேப்பம்."

கயிறு விட்டதும் கண்டு ஒரு நிமிசம் யோசித்தது. பிறகு படலையைத் தாண்டி, வயல் வரம்பில் ஏறி, காட்டுப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனது. வண்டில் போகிற தூரம் வண்டிலில் போனோம். பிறகு இறங்கி நடந்தோம். வரவேண்டாம் என்று சொல்லியும் அருந்ததி வந்தாள். முள்ளுக்கும் ஒதுங்கவில்லை.

போகிற வழியில் என் முடிவை நானாவின் காதில் போட்டேன். "கிழவன் கள்ளன் நானா. மகன் எங்கயோ காட்டுக்குள்ள குடும்பம் நடத்திறான். கிழவன் சோறு கொண்டுபோய்க் குடுக்கிறான். கிழவிக்கு ஆறுதலுக்குக் கண்டு, மருமகளுக்கு நாமம். வேணுமெண்டால் பந்தயம் பிடியுங்கோ."

"நீ தோத்துப் போனால் நல்லது" என்றார் நானா. கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, "தோத்தாலும் நல்லதில்லை" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. நானா இரண்டு பக்கமும் கதைக்கிறவர் இல்லை.

காட்டுப் பட்டி மரக்குற்றிகளால் அடைத்தது. வெயிலுக்கு ஒதுங்கி மாடுகள் உள்ளே நின்றன. எங்கள் கண்டு குற்றிகளுக்கிடையில் நுழைந்து கத்தியது. உள்ளிருந்து ஒரு கறுத்தப் பசு மறுமொழி சொன்னது. கண்டு ஓடிப்போய், கொம்பு முளைத்த வெட்கம்கூட இல்லாமல் மடியில் முட்டியது. பசு அதன் முதுகை நக்கியது.

"தாயைப் பார்" என்றார் நானா.

பார்த்தேன். வட்டம், தண்டு. அதோடு சரி. ஏரம்பு மாடு.

"தாய் ஏரம்புவின்ர. கண்டும் ஏரம்புவின்ர. ஊர் வழக்கத்தில கண்டு தாயோடதான் போகும். பாலனுக்கு இதில உரிமையும் இல்லை, அலுவலும் இல்லை. தன்ர மாட்டை இன்னொருத்தன்ர மாடாய் மாத்தி ஆர் நட்டப்படுவான் இளையவன்?"

கொட்டிலிலிருந்து ஏரம்பு வெளியே வந்தார். நெட்டையான, காய்ந்த மனிதர். எங்களை அவர் காணவே இல்லை. மருமகளைத்தான் கண்டார்.

"நீ ஏன் பிள்ளை இஞ்சை வந்தனி?"

"ஏரம்பு அண்ணை" என்றார் நானா, சந்தையில் சுகம் கேட்கிற மாதிரி. "உங்கட கிணத்து வாளியின்ர கொக்கி எங்க?"

நான் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். ஏரம்புவின் வலக்கை தானாக மடிக்குப் போனது. போன கையை நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை. வேட்டி மடிப்பிலிருந்து கொக்கியை எடுத்தார். நெருப்பில் வெந்து வெந்து நீலம் பாரித்த இரும்பு.

"நீதானோ?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனை எங்க ஒளிச்சு வச்சிருக்கிறாய்? இந்தப் பிள்ளை விரல் தேயக் கயிறு முறுக்குது. ஆளைக் கூப்பிடு!"

"வாங்கோ" என்றார் ஏரம்பு.

கொட்டிலின் பின்பக்கம் ஆற்றங்கரைக்கு நடந்தார். கோடையில் ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லை, மணலும் சருகும்தான். கரையில் வேர் கழன்று நின்ற ஒரு பாலைமரம். அதன் நிழலில் மண் கொஞ்சம் உயர்ந்திருந்தது. தலைமாட்டில் ஒரு கம்பி நட்டிருந்தது. துருப்பிடித்த வட்டம், தண்டு, கொக்கி. மூன்றும் ஒரே இரும்பு.

பட்டியில் அந்தக் கண்டு பால் குடிக்கிற சத்தம் கேட்டது.

"தண்ணி வத்தினாப் பிறகு மாடு சேர்க்க வந்தனான்" என்றார் ஏரம்பு. "இந்த வேரில கொழுவிக் கிடந்தவன். என்ர கையாலதான் தாட்டனான். சொல்லத்தான் வீட்ட போனனான் நானா. சத்தியமாச் சொல்லத்தான் போனனான். படலைக்குள்ள கால் வைக்கிறன், கமலாசனி ஒரு கண்டின்ர கழுத்தைக் கட்டிக்கொண்டு நிக்கிறாள். அவன் வெள்ளத்துக்கு முதல் சுட்டுவிட்ட கண்டு. எப்பிடியோ தப்பி வந்திட்டுது. கொக்கியைத் தடவிப் பாத்திட்டு, 'பாலன் உயிரோட இருக்கிறான், எனக்குச் சோறு போடு' எண்டு சொல்லுறாள். பட்டினி கிடந்து சாக வெளிக்கிட்டவள், சோறு கேக்கிறாள். நான் என்னெண்டு சொல்ல?"

"அந்த முதல் கண்டு பாலன்ரதான்" என்றார் நானா மெதுவாக. "அதில பொய்யில்லை. ஆனால் அது மாட்டுக்குத்தான் சாட்சி. ஆளுக்கு இல்லை."

"அது அவளுக்குத் தெரியேல்லை. பிறகு அவள் படுக்கிற நேரமெல்லாம் கையில அகப்பட்ட கண்டுக்குக் கொக்கியை வச்சு வீட்ட கலைச்சன்."

"இந்தக் கம்பியைப் பிடுங்கிப் புதுக்கண்டில சுட்டிருந்தால் நான் கண்டுபிடிச்சிருக்கமாட்டன் அண்ணை. ஒரே சூடு. எல்லாம் ஒண்டாய் வளர்ந்திருக்கும்."

"பிடுங்க வந்தனான்" என்றார் ஏரம்பு. "ஒருக்கா இல்லை. கை போகேல்லை நானா. அதைப் பிடுங்கினால் இஞ்சை ஒருத்தரும் இல்லையெண்டு ஆகிப்போகும்."

பந்தயத்தில் நான் தோற்றுவிட்டேன். நானா ஏன் அப்படிச் சொன்னார் என்று அப்போதுதான் விளங்கியது.

அருந்ததி மண்ணில் குந்தினாள். துருப்பிடித்த வட்டத்தில் இரண்டு கையையும் வைத்தாள். அவள் கத்துவாள், மண்ணில் விழுவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கம்பியிடம் சொன்னாள், எங்களிடம் அல்ல:

"அப்ப நீங்கள் என்னை விட்டிட்டுப் போகேல்லை."

முகத்தில் முதலில் வந்தது ஆறுதல். நான் எவ்வளவோ செத்தவீடு பார்த்தவன். புருசனின் புதைகுழியில் ஒரு பெண்ணின் முகம் வெளித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதைப் பார்க்கிற சக்தி எனக்கு இல்லை. ஆற்று மணலைப் பார்த்தேன்.

பிறகு அழுதாள். அதை எழுதப் போவதில்லை.

அழுது முடிந்ததும் ஏரம்புவைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, ஒவ்வொரு கண்டும் மாமிக்குச் சோறு கொண்டு வந்தது. எனக்கு என்ன கொண்டு வந்தது எண்டு ஒருக்காலெண்டாலும் நினைச்சனீங்களோ? மாமி கொக்கியைத் தடவிப்போட்டுச் சாப்பிடுவா. நான் பாத்துப்போட்டு, என்னில என்ன குறையெண்டு விடியவிடிய யோசிப்பன். ரெண்டு வருசம் அவரைத் திட்டியிருக்கிறன் மாமா. செத்துக் கிடந்த மனிசனைத் திட்டியிருக்கிறன்."

ஏரம்பு தலைமாட்டுக் கம்பியின் பக்கம் திரும்பினார். அவர் என்ன பதில் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன்.

"கமலாசனிக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை" என்றார் கடைசியில். "அவள் தாங்கமாட்டாள்."

அருந்ததி எழுந்து, அவர் கையிலிருந்த கொக்கியை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கமலாசனி குசினிப் படியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அருந்ததி அவரிடம் போகவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனாள். என் நகத்தைக் கழற்றிய அந்த முடிச்சைக் கல்லில் வைத்து அரிவாளால் அறுத்தாள். கயிற்றில் கொக்கியைக் கட்டினாள். வாளியைக் கொழுவினாள்.

கிளிங் என்று ஒரு சத்தம். இரும்பில் இரும்பு விழுகிற சத்தம். அவ்வளவுதான்.

கமலாசனியின் கை சோற்றுக்கோப்பையில் நின்றது.

துலா இறங்கி ஏறியது. அருந்ததி நின்ற நிலையில், உடுத்த சேலையோடு, முழு வாளியையும் தலையில் ஊற்றினாள். செத்தவீடு முடிந்து முழுகுகிற முழுக்கு. இரண்டு வருசமாக அவளுக்குக் கிடைக்காமல் இருந்தது. வாளி திரும்பவும் இறங்கியது.

கிழவி கோப்பையைக் கீழே வைத்தார். வேலியைப் பிடித்துப் பிடித்துக் கிணற்றடிக்கு வந்தார்.

"கொக்கி வந்திட்டுது, என்ன பிள்ளை?"

"ஓம் மாமி."

"அந்த மனிசன்ர மடிக்குள்ள கிடந்ததோ?"

அருந்ததியின் கையில் கயிறு நின்றது.

"கலியாணம் முடிச்ச நாளில இருந்து அந்தக் கொக்கியிலதான் தண்ணி அள்ளினனான்" என்றார் கிழவி. "அதின்ர வளைவு என்ர விரலுக்குத் தெரியாதே? முதல் கண்டு பாலன் சுட்டது. அது எனக்குத் தெரியும். ரெண்டாவது வந்தபோது விரலை வச்சனான். என்ர வாளிக் கொக்கி."

பொறுக்க முடியாமல் நான் கேட்டேன். "தெரிஞ்சுகொண்டோ அம்மா சாப்பிட்டனீங்கள்?"

"நான் சாப்பிட்டால்தான் தம்பி அந்த மனிசன் சாப்பிடும். பேய் மனிசன். மாட்டைச் சுட்டுச் சுட்டு எனக்கு வாயில சோறு தீத்துது. நான் வேண்டாமெண்டால் அதுக்கு ஆர் இருக்கினம்?"

அருந்ததி ஈரத்தோடு அசையாமல் நின்றாள். நீங்கள் இரண்டு பேரும் உங்களுக்குள் பொத்திப் பிடித்தீர்கள், நடுவில் என்னை யார் நினைத்தீர்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் அவள் பக்கம் நின்றிருப்பேன். கிழவிக்கு அது விளங்கியிருக்கவேண்டும். பூ விழுந்த கண்ணை மருமகளின் பக்கம் திருப்பி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"என்னை ஏசு பிள்ளை. ஏசிப்போட்டு எனக்கும் ஊத்து."

அருந்ததி ஏசவில்லை. வாளி நிறைய அள்ளி, ஒரு கையால் மாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மெல்ல மெல்ல ஊற்றினாள். கிழவி அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதார். இரண்டு பேரின் அழுகையும் ஒரு குரலாகக் கேட்டது.

நானா முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டிலைப் பூட்டினார். எந்த மாட்டை எந்தப் பக்கம் பூட்டுவது என்றுகூட மறந்து மாறிப் பூட்டினார். நான் சொல்லிக் காட்டவில்லை.

படலைக்கு வெளியே ஏரம்பு நின்றார். உள்ளே வரக் கால் எழவில்லை. அந்தச் சிவப்புக் கண்டு அவர் பின்னாலேயே வந்து, வளராத கொக்கியோடு வேலியில் உரஞ்சிக்கொண்டு நின்றது.

அருந்ததி துலாவை இன்னொருமுறை இறக்கினாள். வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது.

"இளையதம்பி அண்ணை" என்றாள், என்னைத் திரும்பிப் பாராமல். "மாமாவையும் வரச் சொல்லுங்கோ."

கூப்பிடப் போனேன்.